காயாத கானகத்தே: ஒரு மேடைப்பாட்டின் வரலாறு

காளத்திக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையே செல்லும் இருப்புப்பாதையில் ஏர்பேடு ஒரு சிறு நிலையம். ரேணிகுண்டா சென்று தெற்கே திரும்பினால், புத்தூரைக் கடந்து திருத்தணிகையை அடைகிறோம். வடக்கே கண்ணப்பர் வேட்டையாடிய காளத்தி. தெற்கே குறமகளை மணந்த முருகன் வீற்றிருக்கும் தணிகை. தென்மேற்கே, வள்ளி தினைப்புனம் காத்ததாகக் கூறும் வள்ளிமலை. 1911இல் சித்தூர் மாவட்டம் அமையும்வரை இம்மூன்றும் வடஆற்காட்டைச் சேர்ந்தவையே. திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைகள் மாறினும் வேடர் கதை மாறவில்லை.

அக்கதையைத் தமிழ் மேடைக்கு உரியதாக்கியவர் இப்பகுதியினர் அல்லர். தூத்துக்குடிச் சீமையில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் அவர். அவருடைய ‘வள்ளி திருமணம்’ விடியவிடிய நடக்கும் நாடகம். அதில் முருகன் வேடனாக வந்து, தான் துரத்திய மான் இவ்வழி வந்ததோ என்று வள்ளியை வினவுமிடத்தில் எழுவதே ‘காயாத கானகத்தே’ என்னும் பாட்டு. கேட்பது மானைப்பற்றி; புகழ்வது எதிரே நிற்கும் மங்கையை. அவன் கூறும் அடையாளம் ஒவ்வொன்றும் காட்டு மானுக்குப் பொருந்தாது, அவளுக்கே பொருந்தும். வள்ளிக்கு அது புரிந்தும் புரியாததுபோல் நிற்பதில்தான் காட்சியின் சுவை இருக்கிறது. பாட்டு முடிந்தவுடன் தர்க்கம் தொடங்கும். அது எவ்வளவு நேரம் நீளும் என்பது நடிகர் இருவரின் வல்லமையைப் பொறுத்தது.

பார்சி நாடகக் குழுவினரின் மெட்டுகளும் கருநாடக இசையும் கலந்து ஒலித்த மேடை அது. ஆர்மோனியம் அதன் உயிர். (அதே ஆர்மோனியத்திற்கு 1940 முதல் பல்லாண்டுகள் வானொலி நிலையத்தில் இடமில்லாது போயிற்று என்பதையும் ஈண்டு நினைவு கூர்வோம்.) நடிகர் நின்று, நிரவி, விரும்பிய இடத்தில் குரலை ஏற்றிப் பாடுவதற்கு இடம் விட்டே சுவாமிகள் பாட்டுகளை அமைத்தார். நம் கருத்தில், இப்பாட்டு நெடுநாள் வாழ்ந்ததற்குக் காரணம் அந்த இடைவெளியே.

அவ்விடைவெளியை முழுதும் நிரப்பியவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டிய குரல் அவருடையது. கே. பி. சுந்தராம்பாள் வள்ளியாக நிற்க அவர் வேலனாகப் பாடியதைக் காண மக்கள் திரண்டனர். இசைத்தட்டு வந்தபோதோ, ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே கிடைத்தது. மேடையில் விரிந்த பாட்டு தட்டில் சுருங்கிற்று. ஆயினும், நாடகமே காணாத வீட்டுத் திண்ணைக்கும் சென்றது. கிட்டப்பா 1933இல், இருபத்தேழாம் வயதில் மறைந்தார்.

அவ்வாண்டிலேயே ‘வள்ளி திருமணம்’ பேசும்படமாயிற்று. எனினும் இப்பாட்டுக்கு இரண்டாம் பிறவி கொடுத்தது, 1945இல் ஏ. வி. மெய்யப்பன் எடுத்த ‘ஸ்ரீவள்ளி’. முருகனாகத் தோன்றிய டி. ஆர். மகாலிங்கம் கிட்டப்பாவின் உச்சக்குரல் வழியிலேயே இதனைப் பாடினார். அப்படத்தில் வள்ளியாக நடித்த ருக்மிணியின் பாட்டுகளுக்குப் பின்னர் பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். மேடையில் நடிப்பவரே பாட வேண்டும். படத்திலோ உருவம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்னும் புதுநிலை பிறந்தது.

கிட்டப்பா பாட்டு என்றனர் முதியோர். மகாலிங்கம் பாட்டு என்றனர் அடுத்த தலைமுறையினர். 1922இல் புதுவையில் காலமான சுவாமிகளின் பெயரைச் சொன்னவர் சிலரே. 2017இல் வெளிவந்த ‘மேயாத மான்’ என்னும் படத்தின் பெயரும் இப்பாட்டின் சொல்லே. அதைக் கண்டு சென்ற இளைஞருள் எத்தனை பேர் சுவாமிகளை அறிவர்?

மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் ‘ஸ்பெஷல் நாடகம்’ இன்றும் நடக்கிறது. முன்பின் ஒத்திகை பார்க்காத வேலனும் வள்ளியும் மேடையிலேயே சந்திக்கிறார்கள். ஆர்மோனியக்காரர் சுருதி கொடுக்கிறார். வேலன் மானைத் தேடிக்கொண்டு வருகிறான்.