கருந்துளையின் வித்து



களியக்காவிளையைக் கடந்து பாறசாலை எல்லைக்குள் கால் வைத்ததும் சொற்கள் மாறத் தொடங்கிவிடும். நாம் கருந்துளை என்று வழங்குவதை அங்கே மலையாளப் புத்தகம் தமோகர்த்தம் என்கிறது. இருளின் குழி என்பது அதன் பொருள். நான் உத்தியோகம் பார்க்கும் டில்லியில் ஹிந்திக்காரர் அதையே கிருஷ்ண விவர் என்கிறார். நம் காதில் அது ஏதோ கண்ணனைப் பற்றிய விவரம் என்றே விழும்!

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் என் தமக்கையின் வீடு இருக்கிறது. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் தமக்கை மகனுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். சென்ற விடுமுறையில் அவன் என்னிடம், "மாமா, தமோகர்த்தத்துக்கு இவ்வளவு எடை எப்படி வந்தது? தமிழிலே சொல்லுங்கள், அம்மாவுக்கும் புரியட்டும்" என்றான். இருபது ஆண்டுகளாக அரசாங்கச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கியவன் நான், கலைப் பட்டதாரி. திகைத்துப் போனேன். பிறகு படிக்கத் தொடங்கினேன். படித்ததில் என்னை மிகவும் ஈர்த்தது, இந்தச் சரித்திரத்தின் இரு முனைகளிலும் நம்மைப் போன்ற வெளியூர்த் தமிழ்க் குடும்பத்தார் நிற்பதே.

அந்தப் பகுதிக்கும் வானத்துக்கும் பழைய உறவு உண்டு. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாராய்ச்சி நிலையம் அமைத்தார். கால்டிகாட் என்பவர் அதன் முதல் தலைவர். அவருக்குப் பின் வந்த ஜான் ஆலன் பிரௌன், நெய்யாறு பிறக்கும் அகத்தியர் மலையின் உச்சியிலே 1855-இல் ஒரு கூடம் கட்டிப் பூமியின் காந்தத்தை அளந்தார். காடும் மழையும் யானையும் சூழ்ந்த இடத்தில் நுண்ணிய கருவிகளைச் சுமந்து சென்றவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

இனி கருந்துளைக்கு வருவோம். துளை என்ற சொல் நம்மை ஏமாற்றக்கூடியது. அங்கே வெறுமை இல்லை. அளவற்ற பொருள் மிகச் சிறிய இடத்தில் ஒடுங்கியிருக்கிறது. அதன் ஈர்ப்பிலிருந்து ஒளியும் தப்புவதில்லை. இவ்வாறு நட்சத்திரம் ஒடுங்கக்கூடும் என்பதற்கு வழி திறந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். தந்தையார் ரயில்வே கணக்குத் துறையில் இருந்தமையால் அவர் 1910-இல் லாகூரில் பிறந்தார். 1930-இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போதே கணக்கிட்டார். எரிந்தடங்கிய நட்சத்திரம் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை கொண்டதானால் வெள்ளைக் குள்ளனாக நிலைத்து நிற்க இயலாது என்பது விடை. 1935 ஜனவரி 11 அன்று லண்டன் சபையில் எடிங்டன் அதை எள்ளி நகையாடினார். இயற்கை அப்படி நடக்க விடாது என்பது அவர் வாதம். இளைஞர் சோர்ந்தாலும் கணக்கு பொய்க்கவில்லை. 1983-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இவை நட்சத்திரங்களின் கதை. நட்சத்திர மண்டலங்களின் கதை வேறு. 1943-இல் கார்ல் சைஃபர்ட் சில மண்டலங்களின் நடுப்பகுதி மட்டும் அளவுக்கு மீறி ஒளிர்வதைக் குறித்தார். 1963-இல் மார்ட்டின் ஷ்மிட், கன்னி ராசியில் நட்சத்திரம் போல் தோன்றிய 3சி 273 என்ற பொருள் இருநூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பதைக் கண்டார். அத்தனை தூரத்திலிருந்தும் தெரிகிறதென்றால், நமது பால்வழி மண்டலம் முழுவதையும்விட ஏறத்தாழ நூறு மடங்கு ஒளி வேண்டும். அவ்வளவு ஒளி எங்கிருந்து வரும்? மண்டலத்தின் நடுவில் பெரும் கருந்துளை ஒன்று இருக்கிறது. அதை நோக்கிச் சுழன்று விழும் வாயு, விழுமுன் உராய்ந்து கொதித்து ஒளிர்கிறது. கருந்துளை இருண்டது, அதன் வாசல்தான் ஒளிமயம். பால்வழியின் நடுவிலும் சூரியனைப் போல் சுமார் நாற்பது லட்சம் மடங்கு எடையுள்ள ஒன்று இருக்கிறது. அது இப்போது உணவின்றி அடங்கிக் கிடக்கிறது. எம்87 மண்டலத்தில் உள்ளதன் எடை 650 கோடிச் சூரியன்கள். அதன் நிழற்படம் 2019 ஏப்ரலில் வெளிவந்தது.

தமக்கை மகனின் கேள்வி இங்கேதான் கூர்மையடைகிறது. கருந்துளை விரும்பிய வேகத்தில் உண்ண முடியாது. விழும் வாயுவின் ஒளியே பின்வரும் வாயுவைத் தள்ளி நிறுத்தும். இந்த வரம்புக்கு எடிங்டனின் பெயரே வழங்குகிறது. விதியின் குறும்பென்று சொல்லலாமா? அந்த வரம்பில் இடைவிடாது உண்டாலும் எடை இரட்டிக்கச் சுமார் மூன்றரைக் கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சம் தோன்றி 47 கோடி ஆண்டுகளுக்குள் பதின்மூன்று முறைதான் இரட்டிக்கலாம். அதாவது எண்ணாயிரம் மடங்கு. இறந்த நட்சத்திரம் விட்டுச் சென்ற நூறு சூரிய எடை எட்டு லட்சம் ஆகுமே ஒழியக் கோடியை எட்டாது.

கோயம்புத்தூரில் பிறந்து டில்லியில் வளர்ந்த பிரியம்வதா நடராஜன் இந்த முடிச்சை எடுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து, யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 2006-இல் ஜூசெப்பே லோடாட்டோவுடன் எழுதிய கட்டுரையில் அவர் வேறொரு வழி காட்டினார். ஆதிகால வாயுத் தட்டு, நட்சத்திரங்களாகச் சிதறாமல், நேரே நடுவில் சரிந்து பெரிய கருந்துளையாகலாம். இதைக் கன வித்து என்று மொழிபெயர்க்கிறேன். பத்தாயிரம் முதல் லட்சம் சூரிய எடை வரை இருக்கும். லட்சத்தில் தொடங்கினால் ஏழு முறை இரட்டித்தாலே கோடியைத் தாண்டிவிடும். அது மட்டுமன்று; அத்தகைய மண்டலத்தில் கருந்துளையின் எடை நட்சத்திரங்கள் எல்லாவற்றின் எடைக்கும் ஈடாக நிற்கும் என்று 2017-இல் அவரும் துணைவரும் முன்கூட்டியே எழுதினர். நம் அண்டையில் உள்ள மண்டலங்களில் அது ஆயிரத்தில் ஒரு பங்கே.

2023 நவம்பரில் யுஎச்இசட்1 என்ற மண்டலத்தின் செய்தி வந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் நட்சத்திர ஒளியைக் கண்டது; எக்ஸ் கதிர்களைக் கண்டது சந்திரா தொலைநோக்கி. ஆம், சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999-இல் ஏவப்பட்ட அதே சந்திரா! காலம், பிரபஞ்சம் பிறந்து 47 கோடி ஆண்டுகள். எடை ஒரு கோடி முதல் பத்துக் கோடிச் சூரியன்கள். நட்சத்திரங்களின் மொத்த எடைக்கு ஏறக்குறைய சமம்.

வழக்கு முடிந்துவிட்டதா என்றால் இல்லை. சிறு வித்தே சில காலம் வரம்பை மீறி உண்டிருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு. அவர்களை எளிதில் தள்ளிவிட முடியாது. எனக்குக் கன வித்தின் கட்சியே வலுவாகத் தோன்றுகிறது. கணக்கு அறியாதவன் கருத்தாக அதைக் கொள்க.

தமக்கை மகனுக்கு இவற்றையெல்லாம் தமிழில் எழுதி அனுப்பினேன். எங்கே பார்க்கலாம் என்று மறுமொழி வந்தது. கார்த்திகை மாதத்து முன்னிரவில் எட்டு மணி அளவில் தெற்கு வானத்தில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதி உயரத்துக்குச் சற்று மேலே பார் என்றேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடம் அது. அம்மாவும் மகனும் அங்கே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.