1772-ல் ஒரு பீங்கான் வியாபாரி கணக்கு பார்த்த கதை

நண்பன் ஒருவன் மதுரையில் சுங்குடிப் புடவையை ஆன்லைனில் விற்கிறான். போன மாதம் ராத்திரி பத்து மணிக்கு போன். "தீபாவளிக்கு விற்பனை போன வருஷத்தை விட ரெண்டு மடங்குடா. ஆனா சாயம் போடுறவருக்குக் கொடுக்க பேங்க்ல காசு இல்ல. எங்க போச்சுன்னே தெரியல. ஆன்லைன் கடைக்குன்னே தனியா கணக்கு பாக்குறவங்க இருக்காங்களாம். மாசாமாசம் நல்ல தொகை கேக்கறாங்க. வைக்கலாமா?"

எனக்குக் கணக்கு வராது. பழைய கதை வரும். அதனால் அவனிடம் ஜோசையா வெட்ஜ்வுட் கதையைச் சொன்னேன். போனில் சொன்னதால் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுசா இங்கே எழுதிடறேன்.

வெட்ஜ்வுட் 1730-ல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் பர்ஸ்லெம் என்ற ஊரில் பிறந்தவர். குயவர் குடும்பம், அதில் கடைக்குட்டி. சின்ன வயதில் அம்மை போட்டு வலது கால் கெட்டுப் போனது. 1768-ல் அந்தக் காலை மயக்க மருந்து இல்லாமலே வெட்டி எடுத்தார்கள் (மயக்க மருந்து வர இன்னும் முக்கால் நூற்றாண்டு இருந்தது). 1759-ல் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தார். 1765-ல் சார்லட் ராணிக்குத் தேநீர் செட் செய்து கொடுக்கும் வாய்ப்பு வந்தது. மனுஷன் விடுவாரா? அந்த வகைப் பாத்திரத்துக்கே 'ராணியின் பாத்திரம்' என்று பெயர் வைத்துவிட்டார். ராணி வீட்டில் இருப்பது நம்ம வீட்டிலும் இருக்கணும் என்ற ஆசையைத்தான் அவர் உண்மையில் விற்றார். பீங்கான் என்று சொல்கிறேனே தவிர, அது அசல் பீங்கான் கிடையாது. வெளிர்நிறக் களிமண்ணைச் சுட்டு மேலே பளபளப்பு ஏற்றியது. வழக்கத்துக்காகப் பீங்கான் என்றே வைத்துக்கொள்வோம்.

என் நண்பனுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்றால், தூரம். 1769-ல் வெட்ஜ்வுட் கட்டிய எட்ரூரியா தொழிற்சாலை ஒரு இடத்தில், வாங்குகிற சீமான்கள் இருக்கும் லண்டன் கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர் தள்ளி. லண்டன் கடையைப் பார்த்துக்கொண்டவர் பங்காளி தாமஸ் பென்ட்லி. பங்காளி என்றால் நம்மூர் அர்த்தத்தில் இல்லை, வியாபாரப் பங்குதாரர். கூடவே உயிர் நண்பர். ரோடு மோசம், சரக்கு உடையும். கால்வாய் வெட்டினால் உடையாமல் போகும் என்று ஊரைக் கூட்டி முன்னால் நின்றவர்களில் வெட்ஜ்வுட்டும் ஒருவர். 1766-ல் முதல் மண்ணை வெட்டியதே அவர்தான். ஆனால் அந்தக் கால்வாய் முழுசா முடிய 1777 ஆனது. அது வரை?

அது வரை அவர் செய்ததெல்லாம் இன்றைக்கு ஆன்லைன் கடைக்காரர்கள் செய்வதுதான். வண்டிக்கூலி என் பொறுப்பு என்றார். வழியில் உடைந்தால் நஷ்டஈடு. பிடிக்கலைன்னா திருப்பி அனுப்புங்க, காசு வாபஸ். படம் போட்ட கேட்டலாக். 1771-ல் ஒரு படி மேலே போய், ஜெர்மானியப் பிரபுக்களுக்கு அவர்கள் கேட்காமலே தலைக்கு 20 பவுண்டு சரக்கைப் பார்சல் கட்டி பில்லோடு அனுப்பினார்கள். பிடித்தால் காசு, இல்லாவிட்டால் சரக்கு திரும்பட்டும். படிக்கும்போதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

விற்பனை என்னமோ பிய்த்துக்கொண்டு போனது. பூஜாடி மேல் லண்டன்காரர்களுக்குப் பைத்தியமே பிடித்திருந்தது. இன்னும் இன்னும் என்று பென்ட்லி கேட்க, புதுப்புது வடிவத்தில் எட்ரூரியா செய்து தள்ளியது. கையில்தான் காசு இல்லை. விற்றது கடன், விற்காதது கிடங்கில். கூலியோ வாராவாரம் ரொக்கமாகக் கொடுத்தாகணும்.

இந்த நேரம் பார்த்து 1772 ஜூனில் லண்டனில் அலெக்சாண்டர் ஃபோர்டைஸ் என்ற வங்கிக்காரர் பங்குச் சூதாட்டத்தில் பெரும் பணத்தை விட்டுவிட்டு பிரான்ஸ் பக்கம் ஓடிப்போனார். அவருடைய வங்கி மூடியது. அதைத் தொட்டு வரிசையாகப் பல வங்கிகள் சாய்ந்தன. அதே மாதம் ஸ்காட்லாந்தின் அயர் வங்கியும் பணம் கொடுப்பதை நிறுத்தியது. கடன் கொடுத்தவன் எல்லாம் திருப்பிக் கேட்கிறான், வாங்கியவன் எவனும் தருவதில்லை. ஜாடி வாங்குவதையா அப்போது நினைப்பார்கள்?

அப்போதுதான் வெட்ஜ்வுட் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

ஒன்றைச் சொல்லணும். அவரிடம் கணக்குப்பிள்ளைகள் இல்லாமல் இல்லை. இரட்டைப் பதிவுக் கணக்கும் புதுசு இல்லை. வெனிஸில் லூகா பச்சோலி அதைப் புத்தகமாக அச்சடித்தது 1494-ல். ஆனால் அது வியாபாரிக்கான கணக்கு. யார் எனக்குப் பாக்கி, நான் யாருக்குப் பாக்கி என்று சொல்லும். ஒரு ஜாடி செய்து, லண்டன் கொண்டுபோய், ஒருத்தர் கையில் கொடுக்கிற வரைக்கும் எவ்வளவு ஆச்சு என்று கேட்டால் பேரேடு பேசாது. ஒரு சி.ஏ.வைப் போய்ப் பார்க்கலாம் என்றால் அப்படி ஓர் ஆளும் கிடையாது. எடின்பரோ கணக்கர்கள் ராஜ சாசனம் வாங்கியதே 1854-ல்தான்.

ஆக, தானே உட்கார்ந்தார். களிமண், கரி, அச்சு, கூலி, உடைசல், வாடகை, குமாஸ்தா சம்பளம், வண்டிக்கூலி என்று ஒவ்வொரு சாமானுக்கும் பிரித்துப் பிரித்து எழுதினார். முதலில் போட்ட கணக்கும் பேரேடும் ஒட்டவில்லை. எங்கேயோ இடிக்கிறது. திரும்பப் போட்டார். 1772 ஆகஸ்டில் பென்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் தான் கண்டதைச் சொல்கிறார். இந்தக் கடிதங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. நீல் மெக்கென்ட்ரிக் என்ற வரலாற்றாசிரியர் 1970-ல் இதை வைத்து எழுதிய கட்டுரையால்தான் இந்தக் கதை பரவலாகத் தெரிய வந்தது.

கண்டது என்ன? செலவில் ஒரு பகுதி சரக்கோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. இன்னொரு பகுதி கடிகாரம் மாதிரி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. மாதிரி செய்கிறவன், அச்சு எடுக்கிறவன், வாடகை, கிடங்குக்காரன், கணக்கு எழுதுகிறவன் எல்லோருக்கும் ஜாடி பத்து போனாலும் நூறு போனாலும் அதே பணம்தான். சும்மா ஒரு உதாரணத்துக்கு, ஒரு அச்சுக்கு 10 பவுண்டு ஆச்சு என்று வையுங்கள். அதில் பத்து ஜாடி செய்தால் தலைக்கு ஒரு பவுண்டு. நூறு செய்தால் தலைக்கு இரண்டு ஷில்லிங். வாரம் ஒரு புது வடிவம் என்று பெருமையாக விட்டுக்கொண்டிருந்தார்களே, காசு ஒழுகிய ஓட்டைகளில் அது பெரியது.

இன்றைக்கு முதல் வருஷ பி.காம். பையன்கூட இதைச் சொல்வான். அன்றைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வெட்ஜ்வுட் இதை வைத்து அடுத்த முடிவுக்கும் போனார். பெரிய மனிதர்கள் ஜாடியைப் போதுமான அளவு பார்த்தாச்சு; இனி விலையைக் கொஞ்சம் இறக்கி, வடிவத்தைக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டி நடுத்தர வீடுகளுக்கு விற்போம் என்று. எந்த விலைக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதும் இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் வெளியே வந்தது. கணக்கு ஒட்டாததற்குக் காரணம் அச்சும் கரியும் மட்டும் இல்லை, தலைமைக் குமாஸ்தா கையாடிக்கொண்டிருந்தார்! விற்பனை நன்றாக இருந்தவரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதன்பின் பீட்டர் ஸ்விஃப்ட் என்ற தன் கணக்கரிடம் பொறுப்பைக் கொடுத்து, பாக்கிகளை விடாமல் வசூலிக்கவும் வாராவாரம் கணக்கு காட்டவும் ஏற்பாடு செய்தார். குறிப்பாக அந்த வாராவாரம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வருஷக் கடைசியில் காட்டுகிற கணக்கு, போன திருடனின் முதுகைக் காட்டுகிற மாதிரிதானே.

ஸ்விஃப்டை முதலிலேயே இதில் இறக்கியிருக்கலாமே என்று தோன்றும். என்ன கேட்பது என்று வெட்ஜ்வுட்டுக்கே அப்போது தெரியாது. ஒரு கோடை முழுக்க தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான், இந்த இந்தச் செலவை இப்படி இப்படிப் பிரித்து எனக்கு வாராவாரம் காட்டு என்று ஒருவரிடம் சொல்ல அவரால் முடிந்தது. 1795-ல் இறந்தபோது விட்டுப்போன சொத்து சுமார் 5 லட்சம் பவுண்டு என்கிறார்கள். அவர் மகள் சூசன்னாவின் பிள்ளைதான் சார்லஸ் டார்வின். சம்பாதிக்க வேண்டிய கவலை இல்லாமல் அவர் ஆராய்ச்சி செய்ய முடிந்ததில் இந்தப் பீங்கான் காசுக்கும் பங்கு உண்டு.

நண்பன் விஷயத்துக்கு வருவோம். அவனுக்கு ஏற்கெனவே ஒருவர் கணக்கு எழுதுகிறார். பேங்கில் விழுந்த தொகையை அப்படியே விற்பனை என்று போட்டு வைத்திருந்தார். கடைத்தளம் கமிஷன், கூரியர், விளம்பரம் எல்லாம் கழித்துக்கொண்டு அனுப்புகிற மீதி அது. 1,000 ரூபாய்ப் புடவைக்கு 700 வந்தால் இவர் ஏட்டில் விற்பனை 700. அந்த 300 எங்கே போச்சு என்று ஏட்டில் எங்கேயும் இல்லை. பார்சல் வாங்க மறுத்துத் திரும்பி வந்த புடவைக்குப் போக வர கூரியர் கூலி தனி. அதுவும் இல்லை. அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். வரி ரிட்டர்ன் போடத்தான் இவன் அவரை வைத்தான், அதை ஒழுங்காகத்தான் செய்கிறார்.

அதனால் நான் சொன்னது இதுதான். தனி ஆள் கட்டாயம் வை. ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு புடவையை எடுத்து, தறியிலிருந்து வாங்கினவங்க வீடு வரைக்கும், திரும்பி வந்தா அந்தச் செலவோடயும் நீயே கையால எழுதிப் பாரு. அப்புறம் வர்ற ஆளிடம் அந்தத் தாளைக் காட்டு. அதைப் பார்த்து அவர் கேள்வி கேட்டால் வைத்துக்கொள். பார்க்காமலே சாஃப்ட்வேர் பெயரைச் சொன்னால் காபி கொடுத்து அனுப்பிடு.

போன ஞாயிறு திரும்பக் கூப்பிட்டான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மூன்று மாத ரிட்டர்ன் பார்சலை மட்டும் எழுதி முடித்திருக்கிறான். அட்டைப்பெட்டி, டேப், போட்டோ எடுக்கிற பையன் சம்பளம் எல்லாம் இனிமேல்தான் எழுதணுமாம்.