மௌனம் சம்மதமா? கல்லூரி மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய சட்டம்

'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி'ன்னு பழமொழி சொல்வாங்க. சட்டம் அதை ஏற்பதில்லை. வத்தல்மலை போன்ற மலைக்கிராமங்களில் இருந்து தருமபுரிக்கு இறங்கி வந்து கல்லூரியில் சேரும் பிள்ளைகள் இதை முதல் நாளே தெரிஞ்சுக்கணும்.

சம்மதம்னா என்ன?
பாரதிய நியாய சன்ஹிதா 63-வது பிரிவின்படி, குறிப்பிட்ட பாலியல் செயலுக்கு ஒரு பெண் தானாக முன்வந்து, சொல்லாலோ சைகையாலோ தெளிவாகத் தெரிவிப்பதே சம்மதம். அவர் உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே சம்மதித்ததாக ஆகாது. ஒன்றுக்குச் சொன்ன 'சரி' இன்னொன்றுக்குச் செல்லாது. மிரட்டி வாங்கியதும் செல்லாது.

இந்த விளக்கம் எப்படி வந்தது?
1972-ல் மகாராஷ்டிரா காவல் நிலையம் ஒன்றில் பழங்குடிச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக வழக்கு. உடலில் காயம் இல்லை எனக் காரணம் காட்டி, 1978-ல் உச்ச நீதிமன்றம் 2 போலீஸாரையும் விடுவித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் 1983-ல் சட்டம் திருந்தியது. சம்மதத்துக்கான விளக்கம் 2013-ல்தான் சேர்ந்தது.

17 வயசுன்னா?
முதலாமாண்டில் பலருக்கு 17 வயதுதான். போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ், ஆணோ பெண்ணோ திருநரோ, சம்மதம் சொன்னாலும் செல்லாது. காதல்னு சொன்னாலும் வழக்கு வரும்.

எங்கே சொல்றது?
யுஜிசியின் 2015 விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார் குழு இருக்கணும். மாணவர் தொடர்பான புகார் என்றால் குழுவில் 3 மாணவப் பிரதிநிதிகளும் இருப்பார்கள். 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரணும். 90 நாளில் விசாரணை முடியணும். மாணவிகளோடு மாணவர்கள், திருநர்களுக்கும் இந்த விதிகள் பொருந்தும்.

பெண்களுக்கான உதவி எண் 181. 18 வயதுக்குட்பட்டோருக்கு 1098.