தங்கமீனின் கடிபட்ட வால் மீண்டும் வளர...

தென்காசி, குற்றாலம் பகுதியில் தொட்டியில் வண்ணமீன் வளர்ப்பவர்கள், ஒராண்டா போன்ற நீள்வால் தங்கமீன்களோடு டைகர் பார்ப் மீன்களைச் சேர்த்து விடாதீர்கள். மெதுவாக நீந்தும் மீனின் வாலை அவை கடித்துக் குதறிவிடும். தங்கமீன்களுக்குள்ளும் இனப்பெருக்கப் பருவத்தில் ஆண்மீன் பெண்மீனை முட்டித் துரத்தும். அப்போது ஆணின் செவுள் மூடியில் தோன்றும் வெண்புள்ளிகள் நோயல்ல.

காயம்பட்ட மீனை உடனே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். 40 லிட்டர் நீருக்கு 80 கிராம் கல் உப்பைக் கரைத்து, சிறிது சிறிதாக ஊற்றுங்கள். தினமும் 10 லிட்டர் நீரை மாற்றி, அந்த 10 லிட்டருக்கு மட்டும் 20 கிராம் உப்பு சேருங்கள். பலர் தினமும் 80 கிராம் போடுகிறார்கள். உப்பு ஏறி மீன் செத்துவிடும்.

சாரல் காலத்தில் நீர் குளிர்வதால் புண் ஆறத் தாமதமாகும். தீனியைக் குறையுங்கள்; மிஞ்சும் தீனி அழுகி அமோனியாவாகும்.

கிழிந்த விளிம்பில் கண்ணாடி போன்ற மெல்லிய சவ்வு தெரிந்தால் துடுப்பு வளர்கிறது, மருந்து வேண்டாம். விளிம்பு வெளுத்து, நாளுக்கு நாள் உள்நோக்கி அரித்தால் அது துடுப்பு அழுகல். கடையில் கிடைக்கும் ஆன்டிபயாட்டிக்கை நீங்களாகக் கொட்டாமல், மீன்வளத்துறை அலுவலரிடம் காட்டுங்கள். அடிப்பகுதிவரை அரித்துவிட்டால் துடுப்பு திரும்ப முளைப்பது அரிது.