அரிப்பில் கரையேறும் ஒளி

இலங்கையின் அரிப்புக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் தோணிகள் இரவிலேயே புறப்பட்டுவிடும். பீரங்கி ஒலித்ததும் தரைக்காற்றில் பாய் விரித்தால்தான் விடியுமுன் முத்துப் பார்களை அடையலாம். மேற்கே போகும் தோணிக்கு இடப்பக்கம், தென்சிலுவையை அடுத்து, பங்குனி இரவுகளில் ஒரு பொன்னிற வெள்ளி ஏறிவரும். அல்பா சென்ரோரி. வெறுங்கண்ணுக்கு ஒன்று, உண்மையில் இரண்டு.

அதன் ஒளி நம்மிடம் வந்துசேர நான்கு ஆண்டும் நான்கு மாதமும் ஆகிறது. தூரம் ஏறத்தாழ 41 இலட்சம் கோடி கிலோமீற்றர். அப்படி வந்த ஒளிகளில் ஒன்று புறப்பட்ட மாதத்தைக்கூடச் சொல்லலாம். அது 1685 ஓகஸ்ட் வாக்கில் புறப்பட்டது. அந்த வேளையில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அனுப்பிய இயேசு சபைக் குருமார் சிலர் சயாமுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் நன்னம்பிக்கை முனையில் தங்கியபோது, தென்சிலுவையின் அடி வெள்ளி இரட்டை என்று கண்டுவிட்டார்கள். பக்கத்திலேயே இருந்த அல்பா சென்ரோரி தப்பிவிட்டது.

ஒளி பாதி வழியைத் தாண்டுமுன், 1687இல், இரண்டாவது குழு பிரான்ஸை விட்டுக் கிளம்பியது. அதில் ஷான் ரிஷோ என்ற குருவானவர் இருந்தார். 1688இல் சயாமில் ஆட்சி கவிழ்ந்தது, பிரெஞ்சுக்காரர் துரத்தப்பட்டனர். ரிஷோ பாண்டிச்சேரிக்கு வந்தார். அரசியல் குழப்பம் இல்லாவிட்டால் இந்தக் கதை தமிழ்க் கரைக்கே வந்திராது.

1689 டிசம்பரில் ஒரு வால்வெள்ளி தோன்றியது. அதைத் தொடர்ந்துதான் ரிஷோ தம் 12 அடித் தொலைநோக்கியைத் தெற்கே தாழ்த்தினார். வால்வெள்ளிக்கு அருகில் இருந்த அல்பா சென்ரோரி, 1685இல் புறப்பட்ட அந்த ஒளியில், கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்ட இரு வெள்ளிகளாகத் தெரிந்தது. இன்று தெரிந்த சுற்றுப்பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், அன்று இடைவெளி 7 விகலைக்குச் சற்று மேல். ஒரு பாகையில் 3600 விகலை. 1832, 33இல் நன்னம்பிக்கை முனையில் வானியலாளர் ஹென்டர்சன் எடுத்த அளவீடுகள் 1839இல் வெளிவரும்வரை, அந்த ஒளி எவ்வளவு தூரம் வந்தது என்று எவருக்கும் தெரியாது.

ஐரோப்பாவின் பெரிய வான்காணகங்களுக்கு இந்த வெள்ளி உதிப்பதே இல்லை. பாண்டிச்சேரியில் அது ஏறும் உச்சம் 17 பாகை, அரிப்பில் 20. அந்த மூன்று பாகை சின்ன இலாபமல்ல. அடிவானத்தை நெருங்க நெருங்க ஒளி கடக்கவேண்டிய காற்று தடிப்பாகும். அரிப்பிலும், தலைக்கு நேரே உள்ள வெள்ளியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு காற்றைத் தாண்டியே அது வருகிறது. அதனால் கொதிப்பதுபோல் துடிக்கும், விளிம்பில் சிவப்பும் நீலமும் பிரியும். 41 இலட்சம் கோடி கிலோமீற்றரில் பழுதாகாத ஒளி, கடைசிச் சில பத்துக் கிலோமீற்றரில் கலங்கிவிடுகிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க 60 மில்லிமீற்றர் வில்லை உள்ள தொலைநோக்கி போதும். நூறு மடங்கு உருப்பெருக்கினால் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பிரியும். ஆனித் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணியளவில் உச்சத்தில் நிற்கும் என்பது வசதிதான்; ஆனால் சோழகம் முக்காலியை ஆட்டிவிடும். சித்திரையில் நள்ளிரவு தாண்டிப் பார்ப்பதே என் தெரிவு. இரண்டும் ஒன்றையொன்று சுற்ற ஏறத்தாழ 80 ஆண்டுகள். 2016இல் 4 விகலையாக இருந்த இடைவெளி 2029இல் 10 விகலையைத் தாண்டும். பிறகு சுருங்கி, 2038ஐ ஒட்டி 2 விகலைக்கும் கீழே போய்விடும். அப்போது 60 மில்லிமீற்றர் வில்லை அதைப் பிரித்துக் காட்டாது.