நட்டல் புதர் ஓக்: தோட்டத் தொகுப்பில் வளர்ப்பு

தென் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா முதல் மெக்சிகோவின் பாகா கலிஃபோர்னியா வரை, கடற்காற்று படும் மணற்பாங்கான மேடுகளில் துண்டு துண்டாக எஞ்சியிருக்கும் பசுமைமாறாக் குறுமரம் நட்டல் புதர் ஓக். தாவரவியல் பெயர் குவெர்கஸ் டுமோசா. 1836இல் கலிஃபோர்னியக் கடற்கரையில் செடிகள் சேகரித்த தாமஸ் நட்டல் இதை 1842இல் விவரித்தார். உயரம் 1 முதல் 3 மீட்டர். இலை பெரும்பாலும் 2.5 செ.மீ.க்கும் சிறியது, விளிம்பில் முள். கொட்டை ஒடுங்கிக் கூர்ந்திருக்கும்.

உள்நாட்டு மலைச்சரிவுகளில் ஏராளமாக வளரும் குவெர்கஸ் பெர்பெரிடிஃபோலியாவும் நெடுங்காலம் இதே பெயரில்தான் வழங்கியது. கடலோர இனம் எவ்வளவு அரிது என்பது அதனாலேயே தாமதமாகத் தெரியவந்தது. அதற்குள் அதன் நிலத்தில் பெரும்பகுதி வீட்டுமனைகளாகிவிட்டது. பழைய தோட்டங்களின் பெயர்ப்பலகையை நம்பாமல் இலையின் அடிப்புறத்தை உருப்பெருக்கியில் பார்ப்பதே நல்லது: நட்டல் புதர் ஓக்கில் ரோமங்கள் எழுந்து சுருண்டிருக்கும், பெர்பெரிடிஃபோலியாவில் நட்சத்திரம்போல் விரிந்து இலையோடு படிந்திருக்கும்.

இந்த இனத்துக்குத் தோட்டம் வெறும் காட்சியிடம் அல்ல. ஓக் கொட்டை உலர்ந்தால் உயிர் போய்விடும்; நெல்லைப்போலக் காயவைத்து விதை வங்கியில் உறையவைக்க வழியில்லை. உயிருள்ள மரங்களே இதன் சேமிப்பு. ஆனால் தோட்டத்து மரத்தடியில் பொறுக்கிய கொட்டையால் அந்தச் சேமிப்பு கெட்டுவிடலாம். ஓக் இனங்கள் எளிதில் கலப்பவை. மகரந்தம் காற்றில் வருவதால் அடுத்த பாத்தியிலுள்ள வேறு ஓக்கே தந்தையாகலாம். எனவே, உரிய அனுமதியுடன் காட்டில் பல தாய்ச்செடிகளிலிருந்து கொட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றின் இடத்தையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும்.

கொட்டைகளை நீரில் இட்டால் வண்டு துளைத்தவை பெரும்பாலும் மிதக்கும். மூழ்கியவற்றைத் தாமதியாமல் ஊன்றலாம். தண்டுக்கு முன்பே ஆணிவேர் இறங்கிவிடும். ஆழமற்ற தொட்டியில் அது சுருண்டுகொண்டால் பிற்காலத்தில் மரமே தள்ளாடும். நடவுக்குக் குளிர்கால மழையின் தொடக்கமே ஏற்றது. வடிகால் உள்ள மணல் மண் போதும், உரம் தேவையில்லை.

இளஞ்செடிகள் பெரும்பாலும் அக்கறை மிகுந்த நீர்ப்பாய்ச்சலால்தான் சாகின்றன. இதன் இயல்பிடத்தில் உள்ள சான் டியேகோவின் ஆண்டு மழை ஏறத்தாழ 250 மி.மீ., அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். கோடையில் சூடான மண் ஈரமாகவே இருந்தால் பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரி வேரை அழுகச் செய்யும். முதல் ஓரிரு கோடைகளில் எப்போதாவது ஆழமாக நனைத்தால் போதும். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளாமல் அடியிலேயே விடலாம். தீயிலோ வெட்டிலோ மேற்பகுதி போனாலும் அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும் என்பதால், பட்டதுபோல் தெரியும் செடியை அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது.