லாக் புத்தகத்துக்கு ஒரு கோப்பை

பழவேற்காடு போகிறவர்கள் டச்சுக் கல்லறையைப் பார்ப்பார்கள், இறால் வாங்குவார்கள், திரும்பிவிடுவார்கள். அடுத்த முறை நீங்கள் பக்கத்திலிருக்கும் தோணிரேவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ரேவு என்றால் தெலுங்கில் படகுத்துறை. அங்கே ஒரு படகுக்காரரிடம், ‘நேற்று எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், காற்று எந்தப் பக்கம், எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். முகத்துவாரத்தில் மணல் எங்கே மேடு தட்டியிருக்கிறது, எங்கே தரை தட்டும்... எல்லாம் மனக்கணக்குதான்.

இப்படிப் போய்வந்த கதையை எழுதிக் கொடுத்தால் வெள்ளிக் கோப்பை தருகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

1880-ல் இங்கிலாந்தில் ஆர்தர் அண்டர்ஹில் என்ற வக்கீல் ஒரு கிளப் ஆரம்பித்தார். பெயர், க்ரூஸிங் கிளப். 1902-ல் முன்னால் ‘ராயல்’ சேர்ந்துகொண்டது. மற்ற பாய்மரப் படகு கிளப்களில் ரேஸ்தான் பிரதானம், முதலில் வந்தவனுக்குக் கப். இங்கே ரேஸ் கிடையாது. உறுப்பினர் தன் படகில் சுற்றிவிட்டு வந்து, பயணக் கதையை எழுதித் தரவேண்டும். நடுவர் உட்கார்ந்து படிப்பார். வக்கீல் ஆரம்பித்த கிளப் அல்லவா, எழுத்துபூர்வமாகக் கேட்டதில் ஆச்சரியமில்லை! பி.காம் படித்த எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. பேரேட்டில் ஏறாத வரவு, வரவே இல்லை.

அந்தக் கிளப்பின் உறுப்பினர் எர்ஸ்கின் சைல்டர்ஸ். ஜெர்மனிக் கடற்கரையோரம் 1897-ல் சுற்றியபோது எழுதிய லாக்கை வைத்துத்தான் 1903-ல் ‘தி ரிடில் ஆஃப் தி சாண்ட்ஸ்’ நாவலை எழுதினார். மனுஷர் அதோடு நிற்கவில்லை. 1914 ஜூலையில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐரிஷ் தொண்டர்களுக்காக ஜெர்மனியிலிருந்து வாங்கிய 1,500 துப்பாக்கிகளில் பெரும்பங்கைத் தன் உல்லாசப் படகிலேயே கடத்திக்கொண்டு போனார். மீதியை ஏற்றி வந்தவர் கானர் ஓப்ரையன்.

இந்த ஓப்ரையன்தான் நம் கதாநாயகர். 1923 ஜூன் 20 அன்று அயர்லாந்திலிருந்து சிறிய பாய்மரப் படகில் கிளம்பி, கேப் ஹார்னைச் சுற்றிக்கொண்டு, சரியாக இரண்டு வருஷம் கழித்து அதே ஜூன் 20-ல் ஊர் திரும்பினார். படகின் பெயர் ‘சீர்ஷா’. ஐரிஷ் மொழியில் சுதந்திரம் என்று அர்த்தம். ராயல் கிளப் என்ன செய்தது தெரியுமா? 1923, 24, 25... மூன்று வருஷமும் கோப்பையை அவருக்கே கொடுத்தது. ராஜாவுக்கு எதிராகத் துப்பாக்கி கடத்திய ஆசாமிக்கு! பெரிய மனசுதான், சந்தேகமில்லை.

ஆனால், அந்தப் பெரிய மனசுக்கும் ஒரு வேலி உண்டு. கோப்பை உறுப்பினர்களுக்கு மட்டும்தான்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தில் கட்டிய பாய்க்கப்பல் ‘அன்னபூரணி’. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். ஏற்கெனவே சிறு படகில் உலகத்தைச் சுற்றி வந்து, 1932-ல் அதைப் புத்தகமாகவும் எழுதியவர். ஒரு வெள்ளைக்கார கேப்டனின் கீழ், நம் வல்வெட்டித்துறை மாலுமிகள் அந்தக் கப்பலை 1938 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் க்ளாஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். போய்ச் சேர்ந்தபோது கப்பலின் பெயர் ‘ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன்’ என்று ஆகியிருந்தது. சம்பளத்துக்குப் பாய் இழுத்தவனுக்கு எந்தக் கிளப்பில் சந்தா? எந்த நடுவரிடம் லாக் நீட்டுவான்?

தூத்துக்குடித் தோணிக்காரர்களின் வாழ்க்கைக்கு நம் பக்கம் ஒரு பெரிய பரிசு வர 2013 ஆகவேண்டியிருந்தது. ஜோ டி குருஸின் ‘கொற்கை’ நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது. அது கிளப் கோப்பை இல்லை, கதையும் நாவல்தான். ஆனாலும் படித்தபோது எனக்கு ஏதோ பழைய பாக்கி வசூலான மாதிரி இருந்தது.

தோணிரேவுக்குப் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டுபோங்கள். வயசான படகுக்காரர் பக்கத்தில் உட்காருங்கள். காலையில் மட்டும் வேண்டாம், வலையை உதறிக் காயப்போடுகிற நேரம், பேச்சுக் கொடுத்தால் எரிச்சல்படுவார்.